பள்ளிக்கூடம் போகாத பேராசிரியர்: ஃபிளிண்டர்ஸ் பெட்ரியும் எகிப்தின் ஓட்டாஞ்சில்லுகளும்

கேள்வி இதுதான்: "பழங்கால எகிப்தியக் கலை, தொல்லியல் அறிஞர் என்று சிலரைச் சொல்கிறார்களே, அப்படி ஒருவர் வாழ்நாள் முழுக்க என்னதான் செய்வார்? புதையல் தேடுவாரா, பாடம் நடத்துவாரா? யாராவது ஒருவருடைய வாழ்க்கையை வைத்து விளக்க முடியுமா?"

முடியும். நான் எடுத்துக்கொள்வது ஃபிளிண்டர்ஸ் பெட்ரியை. 1853இல் இங்கிலாந்தில் பிறந்து, 1942இல் எருசலேமில் இறந்தவர். துத்தன்காமன் கல்லறையைத் திறந்த ஹோவர்டு கார்ட்டர் பெயர் நம் ஊரில் பலருக்குத் தெரியும், இவர் பெயர் தெரியாது. ஆனால் ஒரு குழியில் கிடைத்த உடைந்த பானையை வைத்துக் காலம் சொல்லலாம் என்று எகிப்தில் செய்து காட்டியவர் இவர். தங்கத்துக்குக் கிடைத்த மரியாதையை ஓட்டாஞ்சில்லுக்கு வாங்கிக் கொடுத்தார். அவருடைய வாழ்க்கையில் நான் பெரிதாக நினைப்பது அதைத்தான்.

முதலில் படிப்பு. பெட்ரி பள்ளிக்கூடமே போகவில்லை. நோஞ்சான் பிள்ளை என்று வீட்டிலேயே வைத்து வளர்த்தார்கள். அப்பா வில்லியம் பெட்ரி பொறியாளர். அம்மாவின் அப்பா மேத்யூ ஃபிளிண்டர்ஸ், ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்து வரைபடம் போட்டவர். அளப்பதும் வரைவதும் குடும்பத்திலேயே ஊறியிருந்தது. எட்டு வயதில், வைட் தீவில் ஒரு ரோமானிய மாளிகையைத் தோண்டியெடுத்த கதையைப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மண்வெட்டி போட்டு அள்ளினார்கள் என்று கேட்டுப் பதறிப்போனாராம். மண்ணை அங்குலம் அங்குலமாக அல்லவா சீவி எடுக்க வேண்டும், உள்ளே எது எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்று அந்த வயதிலேயே தோன்றியதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

எகிப்துக்கு அவரை இழுத்தது ஒரு தவறான கொள்கை. ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் பியாஸி ஸ்மித், கீசாவின் பெரிய பிரமிடைத் தெய்வ சங்கல்பத்தில் கட்டினார்கள், அதன் அளவுகளில் ஆண்டின் நாள் கணக்கு முதற்கொண்டு ஒளிந்திருக்கிறது என்று புத்தகம் போட்டிருந்தார். பெட்ரியின் அப்பாவுக்கு அதில் முழு நம்பிக்கை. மகனுக்கும் முதலில் ஈர்ப்புதான். சரி, நேரில் போய் அளந்தே பார்த்துவிடுவோம் என்று 1880 கடைசியில் கீசாவில் போய் இறங்கினார். வயது 27. கூட வருவதாக இருந்த அப்பா வரவே இல்லை.

பாறையில் குடைந்த ஒரு பழைய கல்லறையில்தான் குடியிருப்பு. பகலில் வெளியே முக்கோண அளவை, அதாவது நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்துக் கோணங்களிலிருந்து தூரத்தைக் கணக்கிடுவது. சுற்றுலாக்காரர்கள் போன பிறகு இரவில் பிரமிடுக்குள் நுழைந்து அறைகளை அளப்பார். உள்ளே வெக்கை தாங்காது என்பதால் உள்ளாடையோடு, சில சமயம் அதுவும் இல்லாமல். ஸ்மித்திடம் முன்பு வேலை பார்த்த அலி கப்ரி என்ற உள்ளூர்க்காரர் இவருக்கும் துணை. இரண்டு பருவம் இப்படிப் போனது. முடிவில் அடிப்பக்கத்தின் சராசரி நீளம் 9,068.8 அங்குலம், சுமார் 230 மீட்டர் என்று வந்தது. ஸ்மித்தின் கணக்கு சரியாக இருக்க வேண்டுமென்றால் அது ஏறக்குறைய 70 அங்குலம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். தன் அப்பா முழுமையாக நம்பிய கொள்கை அந்தக் கணக்கில் விழுந்தது. அளவுகளை மறைக்காமல், வளைக்காமல் 1883இல் அப்படியே புத்தகமாக வெளியிட்டார். இன்றும் பிரமிடு அளவைகளைப் பற்றிப் பேசும்போது அந்த எண்களைத் தொடாமல் யாரும் பேசுவதில்லை.

அந்த வேலையைப் பார்த்துத்தான், 1882இல் தொடங்கப்பட்டிருந்த எகிப்து அகழாய்வு நிதியம் அவரைக் கூப்பிட்டது. அதன் உயிர்நாடி அமீலியா எட்வர்ட்ஸ் என்ற நாவலாசிரியை. நைல் நதிப் பயணம் போய், இடிந்துகொண்டிருந்த கோயில்களைப் பார்த்து மனம் பொறுக்காமல் மிச்ச வாழ்க்கையை எகிப்துக்கே கொடுத்தவர். டானிஸ், நௌக்ராடிஸ், டாஃப்னே என்று வரிசையாகத் தோண்டினார் பெட்ரி. நிதியத்தோடு பிணக்கு வந்து விலகினார், பிறகு சேர்ந்தார், மறுபடி விலகினார். அந்தச் சண்டைகளை விட்டுவிடுவோம். நீங்கள் கலை என்று கேட்டதால் ஹவாராவுக்கு வருகிறேன்.

1888இல் ஃபையூம் பகுதியில் உள்ள ஹவாராவில் மூன்றாம் அமனெம்ஹத்தின் பிரமிடு அருகே தோண்டியபோது, ரோமானியர் காலத்து மம்மிகள் வந்தன. ஒவ்வொன்றின் முகத்துக்கு மேலேயும் மெல்லிய மரப்பலகையில் தேன்மெழுகு கலந்த வண்ணத்தில் தீட்டிய முகம். கருகருவென்ற பெரிய கண்கள், கழுத்தில் நகை, நெற்றியில் சுருட்டை முடி. இன்றைக்குப் பார்த்தாலும் பக்கத்து வீட்டு ஆள் போல இருக்கும். ஈரத்தாலும் வயதாலும் வண்ணம் பொடிந்து உதிரும் நிலையில் இருந்தவற்றின் மேல் புதிதாக மெழுகை உருக்கி ஊற்றி நிலைநிறுத்தினார். ஒரு பெண்ணின் தலைக்கு அடியில் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் ஒன்று இருந்தது. பிரித்தால் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட், இரண்டாம் காண்டம். படித்த பெண்ணாக இருந்திருக்க வேண்டும். தலைமாட்டில் புத்தகம் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அந்தச் சுருள் இப்போது ஆக்ஸ்போர்டில் இருக்கிறது.

அடுத்தது அமர்னா, 1891-92. எகிப்திய மன்னர் அக்நாதனின் தலைநகரம். அரண்மனைத் தரையில் சுண்ணச் சாந்தின் மேல் குளமும் மீனும் வாத்தும் புதருமாக வண்ண ஓவியம். தொட்டால் உதிரும். பெட்ரி என்ன செய்தார் தெரியுமா? மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, நம் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி நீர்க்க வைத்துக்கொண்டு, விரலின் பக்கவாட்டால் அந்தத் தரை முழுக்கத் தானே தடவினார். தூரிகை பட்டால்கூட வண்ணம் போய்விடும் என்பதால் விரல். பார்க்க வருகிறவர்கள் மிதிக்காமல் நடக்க மரப்பாதையும் கூரையும் போட்டார். அப்புறம் நடந்ததுதான் வேதனை. பார்க்க வந்த கூட்டம் பக்கத்து வயல்களின் பயிரை மிதித்து நாசமாக்க, 1912இல் ஆத்திரமடைந்த விவசாயி ஒருவர் அந்தத் தரையை வெட்டிச் சிதைத்துவிட்டார். மிஞ்சிய துண்டுகள் கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த விவசாயியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஓவியத்துக்குக் கூரை போட்டவர்கள் வயலுக்கு ஒரு வரப்புப் பாதை போட்டுக் கொடுத்திருக்கலாம்.

அதே அமர்னாவில்தான் 17 வயதுப் பையனாகக் கார்ட்டர் பெட்ரியிடம் வந்து சேர்ந்தார். நல்ல பையன், ஓவியத்தில்தான் நாட்டம், அகழாய்வாளனாக ஆக்கிப் பயனில்லை என்பது அப்போது பெட்ரியின் கணிப்பு. 1922இல் கார்ட்டர் துத்தன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தபோது அது எவ்வளவு தவறு என்று தெரிந்தது.

1892இல் அமீலியா எட்வர்ட்ஸ் இறந்தார். தன் சொத்திலிருந்து லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் எகிப்தியல் பேராசிரியர் இருக்கை ஒன்றுக்கு எழுதி வைத்திருந்தார். பெண்களுக்கும் பட்டம் கொடுக்கும் இடம் என்பதால் அந்தக் கல்லூரி. பேராசிரியருக்கு வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும், பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது என்று நிபந்தனை. பெட்ரிக்கு அப்போது 39. யாரை மனதில் வைத்து எழுதினார் என்பது ஊருக்கே தெரிந்தது. ஒரு நாள்கூடப் பள்ளியில் உட்காராத மனிதர் இங்கிலாந்தின் முதல் எகிப்தியல் பேராசிரியர் ஆனார். 1933 வரை அந்த இருக்கையில் இருந்தார். குளிர்காலம் முழுக்க எகிப்தில் தோண்டுவது, கோடையில் லண்டனில் கண்காட்சி வைத்துப் பணம் திரட்டுவது, அடுத்த பருவத்துக்குள் போன பருவத்து அறிக்கையை அச்சில் கொண்டுவருவது. இந்த ஒழுங்கை ஏறக்குறைய நாற்பது வருடம் விடவில்லை. தோண்டிவிட்டு எழுதாமல் விடுவது திருட்டுக்குச் சமம் என்பது என் கருத்தும்தான். நம் நாட்டில் அகழாய்வு அறிக்கைகள் பல பத்தாண்டுகள் அச்சேறாமல் கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒழுங்கின் அருமை தெரியும்.

வகுப்பு நடத்தும் பொறுப்பைப் பெரும்பாலும் சுமந்தவர் மார்கரெட் முர்ரே. கல்கத்தாவில் பிறந்தவர், பெட்ரியின் மாணவி. 1898இலிருந்து அங்கே விரிவுரையாளர். பெட்ரி பாலைவனத்தில் இருந்த மாதங்களில் துறையையே அவர்தான் நடத்தினார். பெட்ரியின் மனைவி ஹில்டாவும் அகழாய்வுக் களங்களில் வரைந்தார், கணக்கு எழுதினார், நிதி திரட்டினார். பெட்ரியின் பெயரில் இருக்கும் உழைப்பில் இந்த இருவர் பங்கு பெரியது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

1894-95இல் நகாடா என்ற இடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஈமக்குழிகளைத் தோண்டினார் பெட்ரி. உடல்கள் குத்தவைத்த மாதிரி ஒருக்களித்துக் கிடந்தன. மம்மி கிடையாது, எழுத்து கிடையாது. பானைகள் மட்டும் ஏராளம்: வாய்ப்பக்கம் கருப்பு, உடம்பு சிவப்பு. (நம் ஊர்க் கருப்பு-சிவப்பு மட்கலங்களின் படத்தோடு இதைப் பக்கத்தில் வைத்து உறவு கொண்டாடுவதைப் பார்க்கிறேன். சுடும்போது காற்று படாத இடம் கருப்பாவது சூளையின் இயல்பு. இரண்டுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வருடமும் மைல்களும் இருக்கின்றன. சாயலை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது.) இவர்கள் எகிப்தியர்களே அல்ல, வெளியிலிருந்து படையெடுத்து வந்த 'புதிய இனம்' என்று பெட்ரி எழுதிவிட்டார். பிரெஞ்சுக்காரர் ஜாக் டி மோர்கன், இது பாரோ மன்னர்களுக்கும் முந்தைய எகிப்து ஐயா என்று சுட்டிக்காட்டினார். டி மோர்கன் சொன்னதுதான் சரி.

சில வருடங்களில் பெட்ரி தன் தவறை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதும் ஒரு கேள்வி அவர் முன் வந்து நின்றது: அரசன் பெயரும் எழுத்தும் இல்லாத இந்தக் குழிகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிச் சொல்வது?

அவர் செய்ததைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் குடம் இருந்தது, எவர்சில்வர் குடம் வந்தது, பிளாஸ்டிக் குடம் வந்தது. ஒரே வீட்டில் பித்தளையும் எவர்சில்வரும் சேர்ந்திருக்கலாம், எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்திருக்கலாம். நூறு வீடுகளின் அடுக்களையைப் பட்டியல் போட்டு, ஒத்த வீடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினால் கால வரிசை தானாக வந்து நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பிளாஸ்டிக் குடத்தின் வடிவம் ஏன் அந்தப் பழைய குடத்தின் வடிவம்? இடுப்பும் கழுத்தும் அப்படியே நீடிக்கின்றன. பழைய பொருளின் நினைவு புதிய பொருளில் அழியாமல் தங்குகிறது.

நகாடா குழிகளில் நெளிநெளியான கைப்பிடி வைத்த ஒரு வகைப் பானை இருந்தது. ஆரம்பத்தில் பானை உருண்டை, கைப்பிடி உண்மையிலேயே பிடித்துத் தூக்கக்கூடியது. வரவரப் பானை ஒடுங்குகிறது, கைப்பிடி சிறுத்து வெறும் மேடாகிறது. கடைசியில் பானை குழாய் மாதிரி நேராகிவிடுகிறது, கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு நெளிகோடு மட்டும். பயன் போய் அலங்காரமாக மிஞ்சியது பிந்தியதாகத்தான் இருக்க வேண்டும். இதை அச்சாணியாக வைத்துக்கொண்டு, வகைவகையான பானைகள் போதிய அளவு இருந்த சுமார் 900 குழிகளைத் தேர்ந்தெடுத்தார். குழிக்கு ஒரு அட்டைச் சீட்டு. அதில் அந்தக் குழியின் பானை வகைகளைக் குறித்தார். சீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினார், ஒவ்வொரு பானை வகையும் வரிசையில் சிதறாமல் ஒரே இடத்தில் கொத்தாக வரும்வரை. கணினி இல்லாத காலம். 900 சீட்டு, ஒரு மேசை, ஒரு மனிதர்.

வரிசை நின்றதும் அதை 30 முதல் 80 வரை எண்ணிட்டுப் பிரித்தார். ஏன் 1இலிருந்து தொடங்கவில்லை? இதற்கும் முந்தையது நாளைக்குக் கிடைக்கலாம், அதற்கு இடம் விட்டு வைப்போம் என்று. 1920களில் பதாரிப் பண்பாடு கண்டுபிடிக்கப்பட்டபோது, அது அவர் விட்டு வைத்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். தனக்குப் பின்னால் வருகிறவனுக்காக 29 நாற்காலிகளைக் காலியாகப் போட்டு வைத்திருக்கிறார். 1963இல் டேவிட் கெண்டால் என்ற கணிதவியலாளர் இந்த முறையைப் புள்ளியியல் கண்ணோடு ஆராய்ந்து, இதற்குள் இருப்பது தேர்ந்த கணிதம் என்று எழுதினார். வரிசை முறை இன்று உலகெங்கும் தொல்லியல் மாணவர்களுக்குப் பாடம்.

இதன் பிறகு அபிடோஸ். அங்கே முதல் வம்ச அரசர்களின் கல்லறைகளை அமெலினோ என்பவர் ஏற்கெனவே கிளறிவிட்டுப் போயிருந்தார். இனி ஒன்றும் இல்லை என்று கருதப்பட்ட குப்பையை பெட்ரி 1899 கடைசியில் மறுபடி சலிக்க ஆரம்பித்தார். 1901இல் ஜேர் அரசரின் கல்லறைச் சுவர் ஓட்டை ஒன்றில், துணி சுற்றிய ஒரு கை. துணிக்குள் பொன்னும் நீலக்கல்லும் கோத்த நான்கு கைவளைகள். பழைய திருடன் ஒளித்து வைத்து எடுக்க மறந்தது போலும். தோண்டிய ஆட்கள் அதில் கை வைக்காமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்தார்கள். காரணம், கண்டெடுத்த பொருளுக்குச் சந்தை விலைக்கு நிகரான வெகுமதியைக் கண்டெடுத்தவருக்கே கொடுப்பது பெட்ரியின் வழக்கம். வளைகள் கெய்ரோ அருங்காட்சியகம் போயின. அங்கே இருந்த எமில் புருக்ஷ் நகையை எடுத்துக்கொண்டு, ஐயாயிரம் ஆண்டுக் கையையும் துணியையும் தூக்கிப் போட்டுவிட்டார். அருங்காட்சியகம் ஆபத்தான இடம் என்று பெட்ரி மனம் நொந்து எழுதினார்.

1903இல் அதே ஊரில் தலையில்லாத ஒரு தந்தச் சிலை வந்தது. விரல் நீளம்தான். பெயரைப் படித்தால் கூஃபு, பெரிய பிரமிடைக் கட்டியவர். கழுத்தில் உடைப்பு புதிது. தோண்டும்போது உடைந்திருக்கிறது என்றால் தலை பக்கத்து மண்ணில் எங்கோதான் இருக்க வேண்டும். வேலையை நிறுத்தி, அந்த மண்ணைச் சலிக்கச் சொன்னார். மூன்று வாரம். தலை கிடைத்தது. ஒட்டி வைத்தால் மொத்த உயரம் ஏழரை சென்டிமீட்டர். 230 மீட்டர் அகலப் பிரமிடை 27 வயதில் அளந்தவர், ஐம்பதை நெருங்கும்போது அதைக் கட்டியவனின் முகத்தைச் சல்லடையில் பிடித்தார்.

அவரிடம் வேலை பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பாதிதான். லாஹூனைச் சேர்ந்த அலி சுவைஃபி பல வருடம் அவருடைய வலது கை. 1893-94இல் கொப்டோஸில், இன்றைய குஃப்து ஊரில், அவர் பழக்கிய ஆட்களின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக அகழாய்வு மேஸ்திரிகள் ஆனார்கள். 'குஃப்தி' என்றாலே எகிப்தில் கைதேர்ந்த அகழாய்வாளர் என்று பொருள். பெட்ரியின் குறிப்பேடுகளில் அவர்கள் பெயர் நிறைய வரும். அச்சான புத்தகங்களில் குறைவு. அது நியாயமில்லை.

கொப்டோஸ் நமக்கும் தொடர்புள்ள ஊர். செங்கடல் துறைமுகங்களில் இறங்கிய இந்தியச் சரக்கு பாலைவனம் கடந்து இங்கேதான் நைல் நதிக்கு வரும். முசிறி வணிகக் கடன் பற்றிய வியன்னா பாப்பிரஸில் கொப்டோஸ் பெயர் இருக்கிறது. அந்தத் துறைமுகங்களில் ஒன்றான குசைர் அல்-கதீமில் பிற்காலத்தில் கிடைத்த பானையோடுகளில் 'கணன்', 'சாதன்' என்று தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் பெயர்கள். 'பானை ஒறி' (உறியில் தொங்கவிடும் பானை) என்றும் ஒரு ஓடு. ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னவை. அதைத் தோண்டியவர் பெட்ரி அல்ல. ஆனால் கிறுக்கிய ஓட்டை எறியாமல் எடுத்து வைக்க வேண்டும் என்ற பழக்கத்தை அந்த மண்ணில் ஊன்றியவர் அவர்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மனிதர்களை இனவாரியாகத் தரம் பிரிக்கும் யூஜெனிக்ஸ் கொள்கையில் அவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை. அந்தக் கொள்கைக்குப் பெயர் சூட்டிய ஃபிரான்சிஸ் கால்டனுக்காக மண்டையோடுகளும் இன முகப் படங்களும் சேகரித்துக் கொடுத்தார். 'புதிய இனம்' என்ற பிழையே அந்த நம்பிக்கையிலிருந்து வந்தது. நாகரிகம் மாறினால் புது ஆட்கள் படையெடுத்திருக்க வேண்டும் என்று தவிர அவரால் யோசிக்க முடியவில்லை. முதல் வம்சம் கி.மு. 5500 வாக்கில் தொடங்கியது என்றும் கணக்குச் சொன்னார். இன்றைய கணக்கு கி.மு. 3100ஐ ஒட்டியது. கண்டெடுத்தவை அன்றைய சட்டப்படி பங்கு பிரிக்கப்பட்டு, பணம் கொடுத்த அருங்காட்சியகங்களுக்குப் பல நாடுகளுக்கும் போய்விட்டன. ஒரே குழியில் கிடைத்த பானைகள் இன்று வெவ்வேறு கண்டங்களில் இருக்கின்றன. சேர்த்துப் பார்ப்பதுதான் அறிவு என்று சொன்னவரே பிரிவதற்கும் காரணமாக இருந்தார்.

1923இல் சர் பட்டம் வந்தது. 1926இல், எகிப்தில் அகழாய்வுச் சட்டங்கள் இறுகிய பிறகு, பாலஸ்தீனத்துக்குப் போய் எண்பது வயதைக் கடந்தும் தோண்டினார். அங்கே 1890இலேயே டெல் எல்-ஹெசி மேட்டில் ஆறு வாரம் வேலை செய்து, மண்ணடுக்கையும் பானையையும் பொருத்திக் காலம் சொல்லியிருந்தார். உடல் எருசலேமில் சீயோன் மலையில் இருக்கிறது. தலையை மட்டும் ஆராய்ச்சிக்கென்று லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்.

அவருடைய சொந்தச் சேகரிப்பை 1913இல் கல்லூரி வாங்கியது. இன்று அது பெட்ரி அருங்காட்சியகம், சுமார் 80,000 பொருள்கள். எகிப்தின் தர்க்கானில் தோண்டியபோது எடுத்த ஒரு கந்தல் துணி மூட்டை அங்கே பிரிக்கப்படாமலே கிடந்தது. யாரும் அழுக்கு மூட்டையை எகிப்திலிருந்து கப்பலேற்ற மாட்டார்கள், இவர் ஏற்றினார். 1977இல் சுத்தம் செய்ய அனுப்பியபோது அதற்குள்ளிருந்து ஒரு லினன் (ஆளி நார்த் துணி) சட்டை வந்தது, மெல்லிய மடிப்புகளும் கூரிய கழுத்தும் வைத்துத் தைத்தது. பிறகு செய்த கதிரியக்கக் கார்பன் கணிப்பு கி.மு. 3482க்கும் 3102க்கும் இடைப்பட்டது என்கிறது. நெய்து தைத்த உடைகளில் நம்மிடம் இருக்கும் மிகப் பழையது அதுதான். கழற்றியவர் தலைவழியாக உருவியிருக்கிறார் போல, உட்புறம் வெளியே திரும்பியிருந்தது. முழங்கையிலும் அக்குளிலும் உடுத்திய சுருக்கங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.